பிஜிடிஐ பார்க்கத் தொடங்குபவர்களுக்கு: இந்தியத் தொழில்முறை கோல்ஃபுக்கு ஒரு வழிகாட்டி

டைகர் உட்ஸ் யாரென்று கேட்டால் கோல்ஃபே பார்க்காதவர்கூடச் சொல்லிவிடுவார். வீர் அலாவத் யார், ஓம் பிரகாஷ் சௌஹான் யார் என்று கேட்டால் விளையாட்டுப் பக்கத்தைத் தினமும் வாசிப்பவரும் யோசிப்பார். இருவரும் இந்திய ஆண்கள் தொழில்முறை கோல்ஃப் தொடரின் வருடாந்திரப் பட்டத்தை வென்றவர்கள். அந்தத் தொடரை எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது, எதைக் கவனிப்பது, யாரைப் பின்தொடர்வது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோல்ஃப் மட்டையைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பார்ப்பவர்கள் முதல் இடத்தில் இருப்பவரை மட்டுமே பார்ப்பார்கள். இந்தத் தொடரில் ஐம்பதாவது இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியாவில் கோல்ஃபைப் பிழைப்பாக எடுத்துக்கொண்டவர்களின் வாழ்க்கை உண்மையில் அங்கேதான் தெரியும்.

முதலில், இது என்ன தொடர்?

முழுப்பெயர் புரொஃபஷனல் கோல்ஃப் டூர் ஆஃப் இந்தியா. எல்லோரும் பிஜிடிஐ என்றே சொல்வார்கள். 2006-ல் உருவானது. அதற்கு முன்பும் இங்கே பரிசுப் பணத்துக்குப் போட்டிகள் நடந்தன. வீரர்கள் கூடித் தங்களுக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டது அந்த வருடம்தான். 2024-ல் இதன் தலைவராக வந்தவர் கபில் தேவ். 1983 உலகக் கோப்பையைத் தூக்கிய அதே கபில்தான். கிரிக்கெட்டை விட்ட பிறகு கோல்ஃபில் முழுதாக இறங்கியவர் அவர்.

பெயரில் இந்தியா இருந்தாலும் இலங்கை, பங்களாதேஷ் வீரர்களும் இதில் வருடக்கணக்காக ஆடுகிறார்கள். இங்கே நன்றாக ஆடினால் உலகத் தரவரிசைப் புள்ளிகளும் கிடைக்கும். பருவம் ஏறக்குறைய பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் வரை போகும். நடுவில் கோடையிலும் மழைக்காலத்திலும் போட்டிகள் குறைந்துவிடும்.

ஸ்கோர் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இது பத்து நிமிட வேலை. இதைச் செய்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியது போலத்தான்.

ஒரு மைதானத்தில் 18 ஹோல்கள், அதாவது பந்தை முதலில் அடிக்கும் இடத்திலிருந்து குழி வரையிலான 18 பகுதிகள். பந்தை முதலில் வைத்து அடிக்கும் இடம் டீ. அங்கிருந்து புல்லை ஒட்ட வெட்டிய பாதை ஃபேர்வே. இரண்டு பக்கமும் உயரமாக வளர்ந்த புல் ரஃப். மணல் குழி பங்கர். கடைசியில் குழியும் அதில் நட்ட கொடியும் இருக்கும் வழவழப்பான புல்தரை கிரீன். ஒவ்வொரு ஹோலையும் இத்தனை அடியில், அதாவது பந்தை இத்தனை முறை அடித்து, முடிக்க வேண்டும் என்று ஓர் எண் குறித்திருப்பார்கள். 3, 4 அல்லது 5. அதற்குப் பெயர் பார். 18 ஹோல்களின் பாரையும் கூட்டினால் பெரும்பாலும் 70-க்கும் 72-க்கும் இடையில் வரும்.

பாரைவிட ஓர் அடி குறைவாக முடித்தால் பர்டி, இரண்டு குறைவென்றால் ஈகிள். ஓர் அடி கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. இந்த நான்கு பெயர்களும் மனதில் நின்றால் வர்ணனையைத் தடையில்லாமல் கேட்கலாம்.

இப்போது ஒரு கணக்கு. பார் 72 உள்ள மைதானத்தில் ஒருவர் நான்கு நாளும் 70, 68, 73, 69 என்று ஆடுகிறார். மொத்தம் 280. நான்கு நாள் பார் 288. ஆக அவர் பாருக்கு 8 கீழே. லீடர்போர்டில், அதாவது யார் எந்த இடத்தில் என்று காட்டும் பட்டியலில், அவர் பெயருக்கு நேராக மைனஸ் 8 என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். சரியாகப் பாரில் இருப்பவருக்கு எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்து ஈ வரும். பக்கத்து நெடுவரிசையில் 12 என்றிருந்தால் அவர் இன்று 12 ஹோல் முடித்திருக்கிறார். எஃப் என்றிருந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. இடத்துக்கு முன்னால் டி என்ற எழுத்து நின்றால் அந்த இடத்தை ஒருவருக்கு மேல் பகிர்ந்துகொள்கிறார்கள். டி5 என்றால் ஐந்தாவது இடத்தில் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருக்கிறார்கள்.

நேரலை நடக்கும்போது ஒரு தவறான முடிவுக்கு வந்துவிட வேண்டாம். காலையில் ஒருவர் மைனஸ் 5-ல் முடித்து முதல் இடத்தில் இருப்பார். அதே நேரம் இன்னும் பாதிப் பேர் ஆட்டத்தையே ஆரம்பித்திருக்க மாட்டார்கள். எத்தனை ஹோல் மீதி இருக்கிறது என்று பார்க்காமல் இடத்தை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. காற்று மதியத்தில் எழும், கிரீன் வெயிலில் காய்ந்து பந்து வேகமாக ஓடும். அதனால் காலை ஸ்கோரையும் மாலை ஸ்கோரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஒரு போட்டி வாரம் எப்படிப் போகிறது

பெரிய வெளிநாட்டுத் தொடர்கள் வியாழன் தொடங்கி ஞாயிறு முடியும். பிஜிடிஐ போட்டிகளில் பல செவ்வாய் தொடங்கி வெள்ளியோடு முடிந்துவிடும். சில புதன் முதல் சனி வரை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆட்டம் இருக்கும் என்று நினைத்துக் காத்திருந்தால் கோப்பை ஏற்கெனவே கொடுத்து முடிந்திருக்கும். அட்டவணையில் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாள், நாளைக்கு 18 ஹோல். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தொடங்குவார்கள். இரண்டு நாள் முடிந்ததும் முதல் 50 இடங்களும், ஐம்பதாவது இடத்தில் சமமாக நிற்பவர்களும் மட்டும் மீதி இரண்டு நாள் ஆடுவார்கள். மற்றவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இதற்குத்தான் கட் என்று பெயர். கட்டைத் தாண்டாதவருக்கு அந்த வாரம் ஒரு ரூபாய்கூடப் பரிசு இல்லை.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊர் ஊராகப் போகும் பயணச் செலவு, தங்கும் செலவு, சாப்பாடு எல்லாம் வீரரின் சொந்தப் பை. பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் உதவியாளருக்கு, அதாவது கேடீக்கு, கட் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் கூலி கொடுத்தாக வேண்டும். பெரிய விளம்பரதாரர் கையில் இருப்பவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு இரண்டாம் நாள் மாலைதான் அந்த வாரம் லாபமா நஷ்டமா என்று தீர்மானமாகும் நேரம்.

அதனால்தான் இரண்டாம் நாள் பிற்பகல் லீடர்போர்டைத் திறந்து வைக்கச் சொல்கிறேன். ஒருவர் பிளஸ் 2-ல் முடித்து கிளப் ஹவுஸில் உட்கார்ந்திருப்பார். கட் அப்போது பிளஸ் 2-ல் இருக்கும், அவர் உள்ளே. பின்னால் வரும் குழுக்களில் நாலைந்து பேர் கடைசி ஹோல்களில் பர்டி அடிக்க, கட் பிளஸ் 1-க்கு ஏறிவிடும், அவர் வெளியே. அவர் ஒரு பந்தும் அடிக்கவில்லை. ஆனால் வாரம் முடிந்துவிட்டது. மறுபக்கம், பதினெட்டாவது ஹோலில் ஆறடித் தூரத்துப் பட் ஒன்றுக்காக, அதாவது கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் அடிக்காக, ஒருவர் குனிந்து நிற்பார். அது விழுந்தால் இரண்டு நாள் கூடுதல் ஆட்டம். முதலிடத்துக்கான சண்டையில் இருப்பவருக்கு இல்லாத அழுத்தம் இவருக்கு இருக்கும். இதை ஒருமுறை கூர்ந்து பார்த்தவர்கள் அப்புறம் விடமாட்டார்கள்.

கடைசி நாள் முடிவில் இரண்டு பேர் சமமாக இருந்தால் பிளேஆஃப். ஒரு ஹோலில் யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை, சமமானால் மறுபடி ஒரு ஹோல்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சமீப வருடங்களில் ஒரு வழக்கமான பிஜிடிஐ போட்டியின் மொத்தப் பரிசு 1 கோடி ரூபாய் என்றால் வெற்றியாளருக்கு 15 லட்சம், இரண்டாம் இடத்துக்கு 10 லட்சம். அதற்குக் கீழே தொகை வேகமாகச் சரியும். ஐம்பதாவது இடத்தில் வருபவருக்குக் கிடைப்பது செலவை ஈடுகட்டினால் பெரிது.

ஆர்டர் ஆஃப் மெரிட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கிரிக்கெட்டில் புள்ளிப் பட்டியல் இருப்பதுபோல் இங்கே ஆர்டர் ஆஃப் மெரிட். அந்தப் பருவத்தில் ஒரு வீரர் வென்ற பரிசுப் பணத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். டிசம்பர் முடிவில் அதிகம் சம்பாதித்திருப்பவர் அந்த ஆண்டின் சாம்பியன். பட்டியலின் மேல்பகுதியில் முடிப்பவர்களுக்கு அடுத்த ஆண்டும் ஆடும் உரிமை தொடரும். அந்த உரிமையைத்தான் கார்டு என்பார்கள். கீழே இறங்கியவர்கள் மறுபடி தகுதிச் சுற்றுக்குப் போக வேண்டும்.

முதலிடத்துக்கு 2022 முதல் ஒரு பெரிய பரிசு சேர்ந்தது. ஐரோப்பியத் தொடரான டிபி வேர்ல்ட் டூருடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பிஜிடிஐ சாம்பியனுக்கு அடுத்த பருவம் அந்தத் தொடரில் ஆடும் கார்டு கிடைக்கும். ஒரு வாரத்தின் மொத்தப் பரிசு கோடி ரூபாய் அளவில் இருக்கும் இடத்திலிருந்து, மில்லியன் டாலர்களில் இருக்கும் இடத்துக்கு ஒரே தாவல். 2022-ல் மனு கண்டாஸ், 2023-ல் ஓம் பிரகாஷ் சௌஹான், 2024-ல் வீர் அலாவத், 2025-ல் யுவராஜ் சந்து என்று வரிசையாக இந்தக் கதவு வழியாகப் போனார்கள்.

இந்த ஒப்பந்தம் வந்த பிறகு பருவத்தின் கடைசி மாதங்களே மாறிவிட்டன என்பது என் எண்ணம். முன்பெல்லாம் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் வித்தியாசம் ஒரு கௌரவம், கொஞ்சம் பணம். இப்போது ஒருவர் ஐரோப்பா போகிறார், மற்றவர் இங்கேயே இன்னொரு வருடம். அந்த இருவரும் நவம்பர், டிசம்பரில் ஒரே குழுவில் ஆட நேர்ந்தால் ஒரு அடிகூடத் தவறவிடாமல் பாருங்கள்.

யாரைப் பின்தொடர்வது

இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரே நாளில் இருபது பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். முதலிடத்துக்குப் போராடுபவர் ஒருவர், அனுபவசாலி ஒருவர், கட் கோட்டுக்குப் பக்கத்தில் தத்தளிக்கும் இளைஞர் ஒருவர். ஒரு பருவம் முழுக்க அந்த மூவரின் ஸ்கோரை மட்டும் பாருங்கள். தொடரே புரிந்துவிடும்.

தேர்ந்தெடுக்க உதவியாகச் சிலரைச் சொல்கிறேன்.

சண்டிகரின் யுவராஜ் சந்து அடித்து ஆடும் ரகம். 2022-லேயே மனு கண்டாஸோடு முதலிடத்துக்கு மல்லுக்கட்டியவர், அந்த வருடம் கிடைக்கவில்லை. 2025-ல் ஒரே பருவத்தில் கோப்பை மேல் கோப்பையாகக் குவித்துப் பட்டத்தை எடுத்தார். குருகிராமின் வீர் அலாவத் 2024-ல் சம்பாதித்த தொகை ஒன்றரைக் கோடி ரூபாயைத் தாண்டியது. அது அப்போது பிஜிடிஐ வரலாற்றில் ஒரு பருவத்தின் அதிகபட்சம். அதில் பெரும்பங்கு அந்த ஆண்டு, ஐரோப்பிய வீரர்களும் வந்து ஆடும் ஹீரோ இண்டியன் ஓப்பன் போட்டியில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்ததால் வந்தது. ஒரே ஒரு நல்ல வாரம் ஒரு வருடத்தையே தூக்கி நிறுத்தும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஓம் பிரகாஷ் சௌஹான் மத்தியப் பிரதேசத்தின் மோவ் நகரத்துக்காரர். ராணுவ முகாம் உள்ள ஊர். அங்குள்ள கோல்ஃப் மைதானத்தில் பை தூக்குபவராகத் தொடங்கி, இந்தியாவின் முதலிடம் வரை வந்தார். அதே மோவிலிருந்து வந்த இன்னொருவர் முகேஷ் குமார். இந்திய மண்ணில் நூற்றுக்கும் மேற்பட்ட பட்டங்கள். 2016-ல் டெல்லியில் நடந்த பானசோனிக் ஓப்பன் இந்தியாவை 51-வது வயதில் வென்றார். ஆசியத் தொடரில் அது அவருடைய முதல் வெற்றி. அந்த வயதில் ஒருவர் இருபது சொச்சம் வயதுப் பையன்களோடு நான்கு நாள் நடந்து ஆடி ஜெயித்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இந்தியத் தொழில்முறை கோல்ஃபின் முதுகெலும்பே இப்படி மைதானத்தின் பின்வாசல் வழியாக வந்தவர்கள்தான். கிளப் உறுப்பினர்களின் பிள்ளைகள் முன்வாசல் வழியாக வந்தார்கள். கேடீக்களும், புல் வெட்டுபவர்களின் பிள்ளைகளும் பின்வாசல் வழியாக வந்து அதே கோப்பையைத் தூக்கினார்கள். எஸ்.எஸ்.பி. சௌரசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் கிரீன்களைப் பராமரித்தவர். மகன் 2008-ல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸை வென்று ஐரோப்பியத் தொடருக்குள் நுழைந்தார். 2016, 2017 என்று அடுத்தடுத்து இண்டியன் ஓப்பனையும் வென்றார். பெங்களூரின் சி. முனியப்பாவும் கேடீயாக இருந்தவர். 2009-ல் இண்டியன் ஓப்பனைப் பிளேஆஃபில் வென்றார். 1991-ல் அதே கோப்பையை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர். அவரும் டெல்லியில் கேடீயாகத் தொடங்கியவர்தான். பெங்களூரு அருகே ஈகிள்டன் மைதானத்தை ஒட்டிய கிராமத்தில் வளர்ந்த எஸ். சிக்கரங்கப்பா 2015-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் சாம்பியன் ஆனார். லீடர்போர்டில் ஒரு பெயரைப் பார்த்தால் அவர் எந்த மைதானத்தில் வளர்ந்தார் என்று ஒரு நிமிடம் தேடிப் படியுங்கள். அந்த ஸ்கோருக்கு எடை கூடிவிடும்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு பெயர்: இலங்கையின் என். தங்கராஜா. இந்தத் தொடரில் பல வருடமாக ஆடுபவர். அவரைப் போலவே இலங்கையிலிருந்து வந்த கே. பிரபாகரனையும் பட்டியலில் தேடிப் பாருங்கள். பங்களாதேஷின் சித்திகுர் ரஹ்மான் 2013-ல் டெல்லியில் இண்டியன் ஓப்பனையே வென்றவர்.

அப்புறம், இங்கிருந்து வெளியே போனவர்கள். அனிர்பன் லாஹிரி 2015-ல் ஆசியத் தொடரின் முதலிடம் பெற்றார், அதே ஆண்டு அமெரிக்காவின் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஐந்தாவது இடத்தைப் பகிர்ந்தார். சுபங்கர் சர்மா 2023 பிரிட்டிஷ் ஓப்பனில் எட்டாவது இடத்தைப் பகிர்ந்தார். இவர்களுக்கு முன்னால் பாதை போட்டவர்கள் ஜீவ் மில்கா சிங், அர்ஜுன் அத்வால், ஜோதி ரந்தாவா. தடகள வீரர் மில்கா சிங்கின் மகனான ஜீவ் 2007-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் ஆடிய முதல் இந்தியர். அத்வால் 2010-ல் அமெரிக்கத் தொடரில் போட்டி வென்ற முதல் இந்தியர். இவர்களின் பெயர்களை பிஜிடிஐ பட்டியலில் தேடி ஏமாற வேண்டாம். சிலர் ஓய்ந்தார்கள், சிலர் வேறு தொடர்களில் ஆடுகிறார்கள். 2025-ல் ஐஜிபிஎல் என்ற தனித் தொடர் ஒன்று தொடங்கி, ககன்ஜீத் புல்லர், சௌரசியா, ரந்தாவா போன்றோர் அங்கே போனதும் ஒரு காரணம்.

மைதானங்களைப் பற்றி ஓரிரு வார்த்தை

எல்லா மைதானத்தையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. மூன்று போதும்.

டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானம். இரண்டு பக்கமும் அடர்ந்த புதர், நடுவில் ஒடுங்கிய ஃபேர்வே. பந்து புதருக்குள் போனால் கண்டுபிடித்தாலும் அடிக்க முடியாது. அதனால் தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு, சிறிய மட்டையால் நேராக அடிப்பார்கள். 2025 அக்டோபரில் டிபி வேர்ல்ட் இந்தியா சாம்பியன்ஷிப்புக்கு வட அயர்லாந்தின் நட்சத்திர வீரர் ரோரி மெக்கில்ராய் வந்தபோது அவரும் இதே முடிவைத்தான் எடுத்தார். அந்தப் போட்டியை வென்றவர் இங்கிலாந்தின் டாமி ஃப்ளீட்வுட்.

ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-ல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் இல்லை. ஜாம்ஷெட்பூரில் பெல்டீ, கோல்முரி என்று இரண்டு மைதானங்களையும் ஒரே போட்டிக்குப் பயன்படுத்துவார்கள். பருவத்தின் இறுதிக்கட்டப் பரபரப்பைப் பல வருடம் அந்த ஊர்தான் பார்த்திருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு நந்தனத்தில் தமிழ்நாடு கோல்ஃப் கூட்டமைப்பின் காஸ்மோ மைதானம் இருக்கிறது. பிஜிடிஐ அங்கே வந்திருக்கிறது.

நேரில் போய்ப் பார்ப்பது

கோல்ஃபை டிவியில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் வேறு வேறு அனுபவம். பெரிய வெளிநாட்டுப் போட்டியில் கூட்டத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டும். பிஜிடிஐ-யில் பல வாரங்களில் வீரருக்கு இருபது அடி தூரத்தில் நிற்கலாம். இந்த நெருக்கம் வேறெந்தத் தொழில்முறை விளையாட்டிலும் கிடைக்காது.

போவதற்கு முன் கிளப் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, பார்வையாளர்களை விடுகிறார்களா, எந்த வாசல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில மைதானங்கள் ராணுவ வளாகத்துக்குள் இருக்கும், அங்கே அடையாள அட்டை இல்லாமல் நுழைய முடியாது. காலர் வைத்த சட்டை போட்டுக்கொள்வது நல்லது, பல கிளப்புகளில் டி-ஷர்ட்டுக்கு அனுமதி இல்லை. நடக்கத் தோதான ஷூ, தொப்பி, தண்ணீர். 18 ஹோல் கூடவே நடந்தால் எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது.

டீ டைம் பட்டியலை முந்தின இரவே பார்த்துவிடுங்கள். யார் எந்தக் குழுவில், எத்தனை மணிக்கு, முதல் ஹோலிலிருந்தா பத்தாவது ஹோலிலிருந்தா என்று அதில் இருக்கும். பெரும்பாலும் மூன்று பேர் ஒரு குழு. ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து முதல் ஒன்பது ஹோல் அவர்களோடு நடங்கள். அடுத்த ஒன்பது ஹோலுக்கு ஒரு கிரீனுக்குப் பக்கத்தில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, வரும் குழுக்களை எல்லாம் பாருங்கள்.

டீயில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பெயர் சொல்லி அழைத்ததும் வீரர் தன் பந்தை மற்ற இருவருக்கும் காட்டுவார். பந்தில் பேனாவால் போட்ட புள்ளியோ கோடோ இருக்கும், அடுத்தவர் பந்தோடு மாறிவிடக் கூடாது என்பதற்காக. பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. கேடீ காலை இரண்டாவது வேலையாக அதைத்தான் எண்ணிப் பார்ப்பார், முதல் வேலை கொடி எங்கே நட்டிருக்கிறது என்று பார்ப்பது. அப்புறம் ஒரு சின்ன உரையாடல். எத்தனை கஜம், காற்று எந்தப் பக்கம், எந்த மட்டை. மெதுவாகப் பேசிக்கொள்வார்கள், பக்கத்தில் நின்றால் காதில் விழும். டிவியில் கிடைக்காத பாடம் இது.

கிரீனுக்கு வந்ததும் ஒவ்வொருவரும் பந்துக்குப் பின்னால் ஒரு நாணயத்தையோ சின்ன வில்லையையோ வைத்துப் பந்தை எடுத்துத் துடைப்பார்கள். குழியிலிருந்து அதிகத் தூரத்தில் இருப்பவர்தான் முதலில் அடிப்பார். மற்றவரின் பந்து உருண்டு போகும் பாதையில் யாரும் கால் வைக்க மாட்டார்கள், சுற்றிக்கொண்டு போவார்கள். சிலர் குனிந்து புல்லின் சாய்வைப் பார்ப்பார்கள், சிலர் காலால் உணர்ந்து பார்ப்பார்கள். பட் நன்றாக அடிப்பவரை அடையாளம் காண எனக்குத் தெரிந்த ஒரே வழி, பந்து விழுந்ததா என்பதைவிட, விழாதபோது குழியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நின்றது என்று பார்ப்பது. இருபதடியிலிருந்து அடித்து ஒவ்வொரு முறையும் ஒரு சாண் தூரத்தில் நிறுத்துபவர் நான்கு நாளில் மேலே வந்துவிடுவார்.

மரியாதை விதிகள் எளிமையானவை. போனை சைலண்டில் போடுங்கள். வீரர் பந்தின் முன் நின்றுவிட்டால் பேச்சு, நடை இரண்டையும் நிறுத்துங்கள். அவர் பார்வை போகும் நேர்கோட்டில் நிற்காதீர்கள், நிழலும் அவர் பந்தின் மேல் விழ வேண்டாம். ஒருவர் தன் கடைசிப் பட் அடித்து முடித்ததும் கிளம்பிவிடாமல் மற்ற இருவரும் முடிக்கும் வரை நில்லுங்கள். தூரத்திலிருந்து யாராவது ஃபோர் என்று கத்தினால் திரும்பிப் பார்க்காதீர்கள். உடனே குனிந்து தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள், உங்கள் பக்கம் பந்து வருகிறது என்று பொருள்.

ஆட்டம் முடிந்து ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போடும் வரை வீரரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ஸ்கோரைத் தவறாக எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் தகுதி நீக்கம் வரை போகும், அதனால் அந்த ஐந்து நிமிடம் அவர்களுக்கு முக்கியம். அதற்குப் பிறகு போய்ப் பேசுங்கள். நன்றாகவே பேசுவார்கள்.

வருடத்தில் தவறவிடக் கூடாத வாரம்

ஹீரோ இண்டியன் ஓப்பன். 1964-ல் தொடங்கியது. முதல் கோப்பை ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சனுக்கு. அடுத்த ஆண்டே பி.ஜி. சேத்தி என்ற இந்தியர், அதுவும் பரிசுப் பணத்துக்கு ஆடாத அமெச்சூர், வென்றார். இப்போது டிபி வேர்ல்ட் டூரும் சேர்ந்து நடத்துவதால் ஐரோப்பிய வீரர்களோடு பிஜிடிஐ வீரர்களும் ஒரே களத்தில் ஆடுவார்கள். குருகிராமின் டிஎல்எஃப் மைதானம் கொடுமையான சோதனை. பின் ஒன்பது ஹோல்களில் முன்னணியில் இருப்பவர்கள் சரிவதை வருடா வருடம் பார்க்கலாம். 2024-ல் ஜப்பானின் கெய்ட்டா நகாஜிமாவும் 2025-ல் ஸ்பெயினின் யூஜெனியோ சக்காராவும் வென்றார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்று பேரும் அந்த வாரம் ஐரோப்பியர்களுக்கு நடுவில் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். உள்ளூர் ஸ்கோருக்கும் வெளியூர் ஸ்கோருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அப்போது தெரியும்.

வீட்டில் ஒரு பிள்ளை ஆட ஆசைப்பட்டால்

பார்க்க வந்த குடும்பங்களில் இந்தக் கேள்வி சீக்கிரமே எழும். அமெச்சூர் கோல்ஃபை நடத்துவது இந்தியன் கோல்ஃப் யூனியன். அதன் ஜூனியர் போட்டிகளும் மாநிலக் கூட்டமைப்பின் போட்டிகளும்தான் முதல் வாசல். நன்றாக ஆடும் அமெச்சூர்களுக்குப் பிஜிடிஐ போட்டிகளிலேயே ஆட இடம் கிடைப்பதுண்டு. 2016-ல் கரண்தீப் கோச்சார் அமெச்சூராக இருந்தபோதே பிஜிடிஐ போட்டி ஒன்றை வென்றார். அமெச்சூர் வென்றால் கோப்பை அவருக்கு, பரிசுப் பணம் அடுத்துள்ள தொழில்முறை வீரருக்கு.

தொழில்முறைக்கு வர தகுதிச் சுற்று உண்டு, பருவம் தொடங்கும் முன் நடக்கும். முதலில் முன்தகுதி, அப்புறம் நான்கு நாள் இறுதிக் கட்டம். மேலே முடிப்பவர்களுக்கு கார்டு. கார்டு கிடைக்காதவர்களும் முழுநேர இடம் இல்லாதவர்களும் ஆட 2024-ல் நெக்ஸ்ஜென் என்ற இரண்டாம் நிலைத் தொடர் தொடங்கப்பட்டது. பரிசு குறைவு, நாளும் குறைவு, ஆனால் போட்டி ஆடிப் பழக நல்ல இடம்.

தொழில்முறை வீரர் என்று அறிவித்துவிட்டால் அமெச்சூர் போட்டிகளின் கதவு மூடிவிடும். மறுபடி அமெச்சூர் ஆவதற்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பிள்ளை தேசிய அளவில் அமெச்சூர் போட்டிகளில் தொடர்ந்து முதல் பத்து இடங்களுக்குள் வருகிறானா என்று பார்த்துவிட்டு, கல்லூரிப் படிப்பையும் கணக்கில் வைத்து, அப்புறம் தொழில்முறைக்கு மாறும் படிவத்தில் கையெழுத்துப் போடட்டும்.